மூன்று சொல் அதிகம்

மேசைக்குப் பின்னால் மேனேஜர், கம்ப்யூட்டர் முன்னால் டைப்பிஸ்ட், சன்னலோரம் ஹெட் கிளார்க். ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை, பெயரை மட்டும் விட்டுவிட்டு, ஹெட் கிளார்க்கிடம் திருத்தக் கொடுத்திருந்தார்கள். முதல் வரியிலேயே அவர் பேனா நின்றது.

“‘இஃப் நீட் பி’ யாரும்மா போட்டது?”

“நான்தான் சார். தேவைப்பட்டா நீக்குவோம்னு...” டைப்பிஸ்ட் இழுத்தாள்.

“எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன்? நிச்சயமில்லாததுக்குத்தாம்மா அதைப் போடணும்.” மேனேஜரிடம் திரும்பினார். “நீங்க முடிவு பண்ணிட்டீங்களா சார்?”

“இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம்னு இந்தப் பொண்ணு கெஞ்சிச்சு. நீங்க என்ன சொல்றீங்க?”

“இரக்கத்துக்காக இங்கிலீஷை வளைக்க முடியுமா சார்?” மூன்று சொற்களையும் அடித்தார். “இப்போ சுத்தமா இருக்கு.”

அவர் சாப்பிடப் போனதும் மேனேஜர் கையெழுத்திட்டார். டைப்பிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு உறையை ஒட்டினாள். ஹெட் கிளார்க்கின் வீட்டு விலாசத்தை எழுதித் தபாலில் சேர்த்தாள்.