விழுந்தால் தூக்க வராதீர்கள்

டிவி காமெடித் தொடர் ஒன்றின் புதிய சீசன், முதல் காட்சியின் படப்பிடிப்பு. வெள்ளை விளக்குகளில் ஆஸ்பத்திரி செட் பளபளக்கிறது. காமெடி டாக்டராக நடிப்பவன் ஈரத்தரையில் வழுக்கி, மருந்துத் தட்டோடு மல்லாந்து விழுகிறான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. போன மாதம் மனைவியைப் பறிகொடுத்தவனாயிற்றே என்று மூன்று பேர் பதறி ஓடிவந்து தூக்குகிறார்கள். மூன்று டேக் எடுத்தும் இதே கதை. "இன்னிக்கு விட்டுடலாம்டா," என்கிறார் இயக்குநர். "நீங்களே சிரிக்கலன்னா வீட்ல பாக்கறவன் எப்படிண்ணே சிரிப்பான்? இனிமே எவனாவது தூக்க வந்தா கடிச்சு வெச்சிருவேன்." என்றவன், டாக்டர் கோட்டை உதறிக்கொண்டு, மறுபடி நுழைவதற்காகக் கதவுக்குப் பின்னால் போகிறான். நான்காம் முறை விழுந்தவன், படுத்தபடியே ஸ்டெதாஸ்கோப்பைத் தன் நெஞ்சில் வைத்து நிதானமாகக் கேட்கிறான். பிறகு, தேறாது என்பதுபோல் உதட்டைப் பிதுக்குகிறான். தலைக்கு மேலே மைக் கம்பு குலுங்குகிறது. அதைப் பிடித்திருப்பவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.