பலகை ஏறிய படகு

கடற்கரைக் கொட்டகையில் ஒரு சர்ஃப் பலகையும் ஒரு கயாக் படகும் அருகருகே இருந்தன. "அலைன்னா அது மேல நிக்கணும். உன்னை மாதிரி உட்கார்ந்து துடுப்புப் போடுறதுல என்ன இருக்கு?" என்று பலகை தினமும் கேட்கும்.

ஒருநாள் கடலில், பலகையை ஓட்டிய இளைஞனின் காலோடு அதைப் பிணைத்திருந்த கயிறு அறுந்துபோனது. அவன் நீந்திக் கரையேறிவிட்டான். பலகையை நீரோட்டம் வெகுதூரம் இழுத்துப் போனது. அங்கே நுரையில்லை, சத்தமில்லை. இனி யாரும் தன்னைத் தேடி வரமாட்டார்கள் என்றே பலகை நினைத்தது.

வெகுநேரம் கழித்து, கயாக் ஓட்டும் ரெஜினா வந்து பலகையைத் தூக்கிக் கயாக்கின் மேல் கட்டினாள்.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து ஒரு பெரிய அலை எழுந்தது. கயாக்கைத் தூக்கி, அதன் மூக்கைக் கீழே சாய்த்து, விர்ரென்று கரைக்குக் கொண்டுபோனது. தனக்கு அடியில் கயாக்கின் உடம்பு முழுவதும் அதிர்வதைப் பலகை உணர்ந்தது.

மணலில் இறங்கியதும் பலகை மெதுவாகக் கேட்டது: "நடுங்குனியே, பயமா?"

"பயமும்தான், சந்தோஷமும்தான். எந்த அலை வந்தாலும் எனக்கு அப்படித்தான்" என்றது கயாக்.

பலகை இன்னும் மெதுவாகச் சொன்னது:

"எனக்கு மட்டும்தான் அப்படின்னு நினைச்சேன். அதான் யார்கிட்டயும் சொல்லல."