மூன்றாம் கேபினுக்கு மட்டும் புது ரூல்

"சட்டியை அவுகளே கழுவட்டும்ப்பா. நீங்க தொடாதீங்க!"

மகள் சுகன்யாவின் அதட்டலில், சட்டியை எடுக்கக் குனிந்த மலைச்சாமி அப்படியே நின்றுவிட்டார். உடனே நிமிர அவருடைய இடுப்பும் சம்மதிக்கவில்லை.

சாணார்பட்டிக்குப் பக்கத்தில் குளத்தங்கரைத் தென்னந்தோப்பு அவர்களுடையது. அதில் மூன்று மரக் கேபின்கள் கட்டி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்க வாடகைக்கு விடுகிறாள் சுகன்யா. ஊருக்குள் அதன் பெயர் 'மலைச்சாமி மக கோழிக்கூண்டு'. அந்தக் கோழிக்கூண்டால் இதுவரை மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. "அதை மூடச் சொல்லுங்க, மேக்கொண்டு பேசுவோம்" என்றார்கள். அவள் மூடவில்லை. தரகர் அடுத்த ஜாதகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

கடைசியில் மலைச்சாமி இந்த மாதம் முடியக் கெடு வைத்தார். அதற்குள் கேபின் நல்ல பெயர் எடுக்காவிட்டால் பூட்டு. மாதம் முடிய இன்னும் நான்கு நாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மூன்றாம் கேபினுக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, கண்ணாடி போட்ட மகன். புதன்கிழமையே போனில் ஆதார் அட்டையை அனுப்பிப் பதிவு செய்துவிட்டு, நேற்றுச் சாயங்காலம் காரில் வந்து இறங்கினார்கள்.

"ஏத்தா, வர்றவுக எல்லாத்துக்கும் நீதான சமைச்சுப் போடுவ? இவுகளை மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துற?"

"புது ரூல்ப்பா."

"எப்ப இருந்து?"

"புதன்கிழமையில இருந்து."

காலையில் அந்த மகன் கையில் தூண்டிலைக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் குளத்தோரம் நின்று, விரல் நீளத்தில் மூன்று ஜிலேபி மீன் பிடித்தான். அடுப்பு பற்றவைத்தான், அடுப்பைத் தவிர மற்ற இடமெல்லாம் புகைந்தது. மீன் செதில் ஒன்று அவன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

பார்க்கப் பொறுக்காமல் அவன் அம்மா எழுந்தார்.

"நீங்க உக்காருங்கம்மா. இங்க வர்ற அம்மாக்களுக்கு லீவு."

"ஏனுங்கம்மணி, அவனுக்குச் சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாதுங்க."

"இன்னைக்குத் தெரிஞ்சிரும்மா."

மலைச்சாமி மகளை ஓரமாக இழுத்தார். "போன்ல நமக்கு ஒத்த ஸ்டாரு போட்டுட்டுப் போயிருவாக. அம்புட்டுத்தான், பூட்டை எடுத்துத் தொடச்சு வைக்க வேண்டியதுதான்."

அவள் காதில் வாங்காமல், சட்டி தேய்த்துக்கொண்டிருந்தவனிடம் போனாள். "அடியில கரி போகலைங்க. இன்னும் கொஞ்சம் சாம்பல் போடுங்க."

"சரிங்க. குழம்புல உப்பு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. உப்பு மட்டுந்தான் இருந்துச்சு."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் அப்பா மெல்லக் கேட்டார்: "ஏனுங்கம்மணி, இதை மூடிப்போட்டு ஆபீஸ் வேலைக்கு ஏதாச்சும் போலாமில்லீங்களா?"

"குளம் வேணா வத்தட்டும், நான் மூட மாட்டேங்க."

"எதுக்குங்கப்பா மூடோணும்?" என்றான் மகன், சாம்பல் கையோடு. "அந்தக் கரையில இன்னும் ரெண்டு கட்டலாமுங்க."

மதியம் கிளம்பும்போது பெரியவர் நேராக மலைச்சாமியிடம் வந்தார். புகார்தான் என்று மலைச்சாமி முன்கூட்டியே கும்பிட்டு நின்றார். பெரியவரும் கும்பிட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. நாங்க சுத்திப் பாக்க வரலீங்க. தரகர் சொன்னாரில்லீங்களா, நெய்க்காரப்பட்டி மாப்பிள்ளை வீடு? அது நாங்கதானுங்க. சொல்லிப்போட்டு வந்தா எல்லா வீட்டுலயும் பட்டுச்சேலையும் கேசரியுந்தானுங்க. அதான் சொல்லாம வந்து பொண்ணோட நெசக் குணத்தைப் பாத்துப்போட்டோம். எங்களுக்கு முழுச் சம்மதமுங்க. கேபினும் இருக்கட்டும்."

மலைச்சாமிக்குத் தோப்பே சுற்றியது. மாப்பிள்ளையையா சட்டி கழுவ வைத்தோம்!

"ஐயையோ, எம்மக தெரியாமப் பண்ணிப்புட்டா..."

"தெரிஞ்சுதான்ப்பா பண்ணுனேன்," என்றாள் சுகன்யா. "தரகர் குடுத்த ஜாதகத்துல இருக்குற அதே கண்ணன்ங்கிற பேரு, அதே பிறந்த தேதி. வேசம் போட்டு வர்றவுக ஆதார் கார்டை அனுப்பிட்டா வருவாக?"

பிறகு சட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்து, அடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"பளிச்சுன்னு இருக்கு. எனக்கும் மாப்பிள்ளையைப் புடிச்சிருக்குப்பா!"