பதிவுக்கு வராதவர்

வீட்டுக்காரர் கட்டாமல் விட்ட கடனுக்காக வங்கி எடுத்துக்கொண்ட வீட்டை, அதில் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக்கே வாங்குவதாக இருந்தது. பத்திரப் பதிவன்று அவர் போகவில்லை. வாய்ப்பு கைநழுவிவிட்டது. இன்று வங்கி அதிகாரி பூட்டும் கையுமாக வந்து நின்றார்.

"ஒரு கையெழுத்துப் போட வர முடியலையா? பொறுப்பு வேணாம்யா?"

அந்தக் குரலைக் கேட்டதும் மெக்கானிக் நிமிர்ந்தார்.

"நல்லாக் கேளுங்க சார்!" மனைவி பொரிந்து தள்ளினாள். "பதிவு அன்னைக்குப் பார்த்து எவனோ லிஃப்டுல மாட்டிக்கிட்டானாம். இவரு மொட்டைமாடி மெஷின் ரூம்ல உட்கார்ந்து, இன்டர்காம்ல அவனுக்குத் தைரியம் சொல்லிக்கிட்டு இருந்தாராம்!"

அதிகாரியின் கை பூட்டோடு அப்படியே நின்றுவிட்டது.

"அன்னைக்கு 'என்னை விட்டுட்டுப் போயிடாதப்பா'ன்னு அழுதீங்க," என்றார் மெக்கானிக். "இன்னைக்கு வெளியே போங்கறீங்க. எதைக் கேக்கட்டும் சார்?"