சுவரோரம்

தூளிக்குள் முதலில் அவன் முகம்தான் போனது. குழந்தை பிறகுதான்.

அம்மா வாசம்.

அம்மா போன பிறகு தகரப் பெட்டிக்குள்ளேயே கிடந்த சேலை. ஆனாலும் வாசம் போகவில்லை. கண்ணை மூடினால் வால்பாறை. எஸ்டேட் லைன் வீட்டின் ஒற்றை அறை, ஓயாத மழை, ஈர விறகுப் புகை, கொழுந்து பறித்துவிட்டு வந்து படுத்த அம்மாவின் முதுகு. அதில் முகத்தைப் புதைத்துத்தான் வளர்ந்தான். அடடா, என்ன தூக்கம் அதெல்லாம்!

பிள்ளையின் அப்பாவைப் பெற்றவளின் பழஞ்சேலையில்தான் முதல் தூளி கட்ட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். துவைத்துக் கட்ட வேண்டும் என்பதும் வழக்கம்தான். அவன் மனைவி செண்பகம் வாளியில் போட்டும் விட்டாள். தண்ணீர் விழுவதற்குள் இவன் ஓடிப்போய் எடுத்துவிட்டான்.

அம்மாவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிடுவதா? நல்ல கதையாக இருக்கிறதே!

பிள்ளைக்கு நான்காம் மாதம் நடந்தபோது நெஞ்சில் ஒரு விசில் கேட்டது.

சாம்பிராணியை நிறுத்தினார்கள். கொசுவத்தியை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் கண்தான் என்று மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார்கள். அந்த நெடியில் பிள்ளை இன்னும் இருமியது.

பாவம், அந்தப் பக்கத்து வீட்டுக்காரி.

டாக்டர் ஆவி மருந்து வைத்தார். வீட்டில் ஈரச் சுவர், பூசணம் ஏதாவது உண்டா என்று கேட்டார். சொட்டு ஈரம் கிடையாது என்றான், பெருமையாகவே. பொய்யும் இல்லை. கோயம்புத்தூரில் அவன் வீடு பார்த்ததே சுவரைத் தடவிப் பார்த்துத்தான்.

வீட்டுக்கு வந்து தூளியில் போட்டார்கள். விசில் திரும்பி வந்தது.

ஒரு மதியம் ஜன்னல் வெயில் நேரே தூளியில் விழுந்தது. செண்பகம் குனிந்து பார்த்தாள். வெளிறிய பச்சைச் சேலையின் மடிப்பு நெடுகக் கறுப்புப் பொட்டுகள், மிளகுத்தூளைத் தூவியதுபோல. சேலையின் டிசைன் என்றே அவன் நினைத்திருந்தான். அவள் மோந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இது அத்தை வாசமில்லீங்க. பூசணம்."

அவனுக்கு வந்ததே கோபம்! பெற்றவள் வாசம் தெரியாதா அவனுக்கு? வாயைத் திறந்தான்.

அதற்குள் பிள்ளை இருமியது. இருமி முடித்து மூச்சை இழுத்தபோது விலா உள்ளே போய் வந்தது.

அவ்வளவு சின்ன விலா.

தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். திரும்பி வந்ததும் தூளியை அவனே அவிழ்த்தான்.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. சேலையை உள்ளே அமுக்கியதும் ஆவியோடு அந்த வாசம் எழுந்தது. கடைசியாக ஒருமுறை ஆசைதீர இழுத்தான்.

அப்போதுதான் அந்தச் சுவர் நினைவுக்கு வந்தது. மழைக்காலம் முழுக்கக் கறுப்பாகப் பூத்துக் கிடந்த லைன் வீட்டுச் சுவர்.

"செவுத்தோரம் நான் படுத்துக்கறேன் சாமி. நீ அடுப்புப் பக்கம் போ."

விடிய விடிய அம்மா இருமுவாள். கேட்டால் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். அவன் திரும்பிப் படுத்து அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

அடப்பாவி, இத்தனை வருடமாக எதையடா அம்மா என்று மோந்துகொண்டிருந்தாய்?

அடுப்பங்கரையில் நின்றபடியே அழுதான்.

வெயிலில் காய்ந்து சேலை மொடமொடவென்று வந்தது. பொட்டுகள் லேசாகத்தான் தெரிந்தன. கட்டினான். முகத்தைப் புதைத்தான்.

சோப்பு வாசம். வேறெதுவும் இல்லை.

மெல்ல மெல்ல விசில் அடங்கியது. ஒரு பிற்பகல், வாய் லேசாகத் திறந்திருக்க, சத்தமே இல்லாமல் பிள்ளை தூங்கியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு பாயை எடுத்து வந்தான். தூளிக்கும் சுவருக்கும் நடுவே விரித்தான்.

காய்ந்த சுவர்தான். கையால் தடவியும் பார்த்தான்.

இருந்தாலும் சுவருக்கு முதுகைக் கொடுத்தே படுத்தான்.