உப்பளத்துப் பேய்க்கு ஒரு விருது

“அக்கா, நம்ம படத்துக்கு அவார்டு கிடைச்சிருக்குது.”

சொன்ன அரவிந்தனைப் பார்த்தால் அவார்டு கிடைத்தவன் மாதிரியே இல்லை. பைக்கை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வரப்பில் தடுமாறி நடந்து வந்தவன், சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஜெயா பலகையைக் கீழே போட்டாள். “எந்த ஊர்ல தம்பி?”

“ஸ்பெயின்ல.”

“அடியே வசந்தா, இங்க வாடி. நம்ம பேய்க்குப் பரிசு குடுத்துட்டாங்களாம்.”

மரக்காணம் உப்பளத்தில் காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்துப் பாத்தியிலிருந்து வசந்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கேமராவையும் நாலு ஆட்களையும் மட்டும் நம்பி, இதே உப்பளத்தில் பன்னிரண்டு நாளில் பேய்ப்படம் எடுத்தவன் அரவிந்தன். பேயாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தான். பாவம், பாத்தித் தண்ணீரில் அரைமணி நேரம் நின்றதற்கே எரிச்சல் தாங்காமல், ‘ஆளை விடுங்க சார்’ என்று பஸ் ஏறிவிட்டாள். அரவிந்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது எதிரே உப்பு வாரிக்கொண்டிருந்தவள் ஜெயா. “அக்கா, கொஞ்சம் நடந்து காட்டறீங்களா?” என்றான். நடந்தாள். அவள் சினிமாவுக்குள் நுழைந்த கதை அவ்வளவுதான்.

ஒரே குறை, படம் முழுக்கப் பேயின் முகத்தைக் கூந்தல் மூடியிருந்தது. அது தான்தான் என்று ஜெயா சொன்னால் சொந்த நாத்தனாரே நம்பவில்லை. “உன் மூஞ்சி எங்க இருக்குது அதுல அண்ணி? யாரையோ காட்டி நான்தாங்கற” என்று கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் சிரித்தாள். அன்றைக்கு ஜெயா சாப்பிடாமலே வந்துவிட்டாள்.

படம் ஊர் ஊராகச் சுற்றியது. முதலில் பதினோரு விழாக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். பேய் மெதுவாக நடக்கிறது என்றார் ஒருத்தர். பேய்க்கு முன்கதை பத்தவில்லை என்றார் இன்னொருத்தர். அப்புறம் எப்படியோ கொரியாவில் இடம் கிடைத்தது. அங்கே ஒரு ஆள் பாதிப் படத்தில் எழுந்து ஓடினாராம். பிறகு போலந்து, மெக்சிகோ. ஒவ்வொரு தடவையும் அரவிந்தன் மறக்காமல் போன் செய்வான். ஜெயாவும் மறக்காமல் அதே கேள்வியைக் கேட்பாள்.

“என் பேரைச் சொன்னாங்களா தம்பி?”

“கடைசியில எழுத்து ஓடுதுல்லக்கா, அதுல வருது.”

“அதுக்குள்ள எல்லாரும் எழுந்து போயிடுவாங்களே.”

இன்றைக்கும் அதையேதான் கேட்டாள். “மேடையில பேரைச் சொல்லிக் குடுப்பாங்களா?”

“ஆமாக்கா. இன்னிக்கி சாயங்காலம். யூடியூப்ல லைவா காட்டுவாங்க.”

“யாரு பேரு?”

அரவிந்தன் மறுபடியும் சாவியைச் சுற்ற ஆரம்பித்தான். ஜெயாவுக்குப் புரிந்துபோயிற்று. மனசு சுருங்கினாலும் சமாளித்துக்கொண்டாள். “அதனால என்ன தம்பி? நீதான டைரக்டரு. உனக்குக் குடுத்தாதான் முறை.”

“எனக்கு இல்லக்கா.”

“கேமரா புடிச்சாரே, அவருக்கா?” என்றாள் வசந்தா.

“இல்ல.”

“ஏம்பா ஜவ்வு மாதிரி இழுக்கற? வேலை கெடக்குது. யாருக்குன்னு சொல்லு.”

அரவிந்தன் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். “ஜெயா அக்கா பேரைக் குடுக்கலாம்னுதான் கேட்டுட்டுப் போக வந்தேன். நீங்க சரின்னா இப்பவே மெயில் போட்டுடுவேன். சாயங்காலம் மேடையில, மரக்காணம் ஜெயான்னு சொல்லுவாங்க.”

இந்த வயசில் இப்படி ஒரு ஆசையா என்று ஜெயாவே எத்தனையோ தடவை தன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் விட்டுத் தொலைந்தால்தானே. நாத்தனாரின் போனிலேயே அதைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும் என்று உடனே தோன்றியது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“நெசமாவா தம்பி? நான் நடிச்சதுக்கா குடுக்கறாங்க?”

“அதுலதான்கா சிக்கல்” என்றான் அவன் தரையைப் பார்த்தபடி. “நடிப்புக்கு இல்ல. நீங்க ஒத்துக்கிட்டா சரியாப் போயிடும். இல்ல, உண்மையை எழுதினா அவார்டை வேற படத்துக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க.”

“அப்படி எதுக்குத்தாம்பா குடுத்தாங்க?” வசந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது.

அரவிந்தன் போனை எடுத்து மெயிலைப் பார்த்துத் தமிழில் சொன்னான். “பேயோட காலு வெளுத்து, பாளம் பாளமா வெடிச்சு, நகமெல்லாம் கரைஞ்சு... இப்படி ஒரு மேக்கப்பை நாங்க பாத்ததே இல்லன்னு எழுதியிருக்காங்கக்கா. பெஸ்ட் மேக்கப் அவார்டு. போட்டது யாருன்னு பேரு கேக்கறாங்க.”

வசந்தா ஜெயாவின் காலைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள்.

ஜெயா குனிந்து பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள்.

“என் பேரு வேணாம் தம்பி. இருபத்திரெண்டு வருஷமா, கேட்டுக் கேட்டும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கித் தராம, இந்த மேக்கப்பைப் போட்டது எங்க முதலாளி. மேடையில அவரு பேரையே சொல்லச் சொல்லு.”