தேப்பனைப் பாத்துப் படிக்கட்டும்

சுவிற்சர்லாந்தின் எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் நடக்கும் ஒரு கிழமைக் கோடை முகாமிலிருந்து, பிள்ளைகளைப் பார்க்கிற ஹரிஷா சிவகலாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

"அன்ரி, ட்ரெயினில வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. காலமை தொட்டு ஒரே அழுகை. சாப்பாடும் வேண்டாமாம்."

சிவகலாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"வெக்கக்கேடு! வெள்ளைக்காரப் பிள்ளையள் நெருப்பு மூட்டித் தடியில பாண் சுட்டுத் தின்னுதுகள். என்ர பானுஜன் மூக்கைச் சிந்திக்கொண்டு நிக்கிறானோ? தேப்பனைப் பாத்துப் படிக்கச் சொல்லு! இவனை அங்கை இறக்கிவிட்டிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நேர லாங்கன்தாலுக்கு வேலைக்குப் போன மனுசன். ஃபோனை அவனிட்டைக் குடு, நாலு கேள்வி கேக்கிறன்!"

ஹரிஷா குரலைத் தாழ்த்தினாள்.

"அன்ரி, பானுஜன் பாண் சுட்டுக்கொண்டிருக்கிறான். வாசலில காருக்குள்ள இருந்து அழுறது அங்கிள்."